அமுக்குனா ஒண்ணும் ஆயிராதும்மா!

பட்டன் போனை வைத்துவிட்டு டச் போனைக் கையில் எடுக்கும் அம்மாக்களுக்கு எது எளிது, எது கஷ்டம்?

பஸ் சாத்தூரைத் தாண்டியதும் அம்மாவைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. விருதுநகரில் ஒரு தடவை, கள்ளிக்குடியில் ஒரு தடவை, திருமங்கலத்தில் ரெண்டு தடவை. மதுரை வருவதற்குள் எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது. அன்று காலையில்தான் கோவில்பட்டியில் 8,000 ரூபாய்ச் சொச்சத்துக்கு அம்மாவுக்கு ஒரு டச் போன் வாங்கி, பழைய போனில் இருந்த சிம்மை அதில் மாற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறார். வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டு, "ஒரு எட்டு போய்ப் பாருங்கக்கா" என்றேன். அவர் போனில் அம்மா வந்தார்.

"நானும் மணி அடிக்கும்போதெல்லாம் பச்சையை அமுக்கிக்கிட்டேதான் இருக்கேன் தாயி. எடுக்க மாட்டேங்குது. நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல. எட்டாயிரம் ரூவா சாமான்..."

போன் நன்றாகத்தான் இருந்தது. அந்த போனில் பச்சையை அமுக்கக் கூடாது, மேலே தள்ள வேண்டும். வாட்ஸப் எங்கே இருக்கிறது, டார்ச் எப்படிப் போடுவது, சார்ஜ் எத்தனைக்குக் கீழே போனால் சொருக வேண்டும் என்று எல்லாவற்றையும் மூன்று மணி நேரம் சொல்லிக் கொடுத்த நான், வந்த போனை எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அதையெல்லாமா சொல்லித் தர வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

அம்மாவின் அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்." அதற்குப் பிறகு எங்கே போனாலும் இதே வாக்கியம் காதில் விழுகிறது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், போனை இரண்டு கையாலும் ஏந்தியபடி என்னிடம் நீட்டி, "எதையோ அமுக்கிட்டேன் போல, சத்தமே வரலை, பாரும்மா" என்றார். சைலன்ட்டில் இருந்தது. எடுத்துவிட்டேன். அவர் கும்பிட்டார். அவ்வளவு பயத்தோடு ஒரு பொருளை மனிதர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

இருட்டிலும் கைக்குத் தெரிந்த போன்

அம்மாவிடம் முன்பு இருந்தது அப்பா வாங்கிக் கொடுத்த நோக்கியா 1100. அந்த மாடல் 2003-ல் வந்தது. தலையில் டார்ச் லைட்டும் தூசி புகாத பட்டன் பலகையும் வைத்து, நம்மைப் போன்ற நாடுகளை மனதில் வைத்தே செய்த போன். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதே வருடம்தான் இந்தியாவில் வருகிற போனுக்கும் காசு பிடிக்கிற வழக்கம் ஒழிந்தது. எங்கள் தெருவில் செல்போன் நுழைந்தது அந்தச் சமயத்தில்தான்.

அந்த போனை அம்மா பார்த்துப் பயன்படுத்தியதே இல்லை. 5-ஆம் நம்பர் பட்டனில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அதில் கட்டைவிரலை வைத்தால் மற்ற எண்கள் எங்கே என்று விரலுக்கே தெரிந்துவிடும். கரண்ட் போன ராத்திரியில் தலையணைக்கு அடியில் கையை விட்டு டார்ச்சைப் போட்டுவிடுவார். ஒரு பட்டனுக்கு ஒரு வேலை, பச்சை என்றால் பேசுவது, சிவப்பு என்றால் வைப்பது. பட்டன் அமுங்கும்போது 'டக்' என்று விரலுக்கு ஒரு பதில் வரும்.

டச் போனில் அந்தப் பதில் கிடையாது. இன்னொரு சிக்கல், நம்மைப் போல 15 வருடமாகத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் கண்ணுக்கே படாதது. கண்ணாடியில் ஒரே இடம் இந்த நிமிடம் ஒரு வேலையும் அடுத்த நிமிடம் வேறு வேலையும் செய்கிறது. இப்போது 'அனுப்பு' இருந்த மூலையில் இன்னொரு பக்கத்துக்குப் போனால் 'அழி' இருக்கிறது. அடுப்படியில் உப்பு டப்பா இருந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் வேறு டப்பா இருந்தால் எந்த அம்மா நிம்மதியாகக் குழம்பு வைப்பார்?

போன் எடுக்கக் கற்றுக்கொடுக்க நான் அடுத்த மாதம் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. "தள்ளும்மா" என்றால் அம்மா போனையே தள்ளினார். "தேய்" என்றால் கண்ணாடி முழுவதையும் துடைத்தார். கடைசியில் வாசலில் இருந்த கோலத்தைக் காட்டி, "புள்ளியில விரலை வச்சு, எடுக்காம மேலே கோடு இழுப்பேல்ல, அது மாதிரி" என்றேன். ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். தினமும் விடியலில் கோலம் போட்ட விரலுக்கு அந்த வேலை முன்பே தெரியும். நான்தான் அதுவரை விரலுக்குத் தெரிந்த மொழியில் சொல்லவில்லை. (சில போன்களில் தள்ளாமல் ஒரே தட்டில் எடுக்கிற வசதியும் அமைப்புகளுக்குள் இருக்கிறது. உங்கள் அம்மா போனில் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.)

பசை தேய்த்த விரல்

என் சின்ன வயதில் அம்மா தீப்பெட்டி ஒட்டினார். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் அது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. பசையைத் தொட்டுத் தாளில் தடவி, மடித்து, ஒட்டி, காய வைத்து, எண்ணி அனுப்ப வேண்டும். பல வருடம் அப்படித் தேய்ந்த விரல் நுனியில் ரேகையும் குறைவு, ஈரமும் குறைவு.

அந்த விரலைத்தான் டச் போன் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடிக்கு அடியில் ரொம்ப மெல்லிய மின்புலம் ஒன்று இருக்கிறது. மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் பட்ட இடத்தில் அந்த மின்புலம் கொஞ்சம் மாறும். அதை வைத்துத்தான் 'இந்த இடத்தில் தொட்டார்கள்' என்று போன் புரிந்துகொள்கிறது. எவ்வளவு பலமாக அமுக்குகிறோம் என்பதற்கு அதில் வேலையே இல்லை. காய்ப்புக் காய்ச்சிய, வறண்ட தோல் அந்த மாற்றத்தைச் சரியாக உண்டாக்காது. போன் அசையாது. அசையவில்லையே என்று அம்மா இன்னும் பலமாக, இன்னும் நேரம் எடுத்து அமுக்குவார். நீண்ட நேரம் அமுக்கினால் போனுக்கு அது வேறு கட்டளை. வாட்ஸப் படம் இடத்தை விட்டுக் கிளம்பும், 'நீக்கவா' என்று கேட்கும், ஏதோ ஒரு பட்டியல் எழும்பும். அம்மாவுக்கு உயிர் போய்விடும்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஈர முந்தானை. போனை எடுக்கும் முன் விரலை முந்தானை நுனியில் லேசாக ஒற்றிக்கொள்வார். நானும் இரண்டு வேலை செய்தேன். தொட்டுப் பிடிக்கிற நேரத்தைக் கூட்டுகிற ஒரு வசதி ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. அதை 'நீளம்' என்று மாற்றி வைத்தேன். அதன் பிறகு அம்மா நிதானமாக அமுக்கினாலும் போன் அதைச் சாதாரணத் தொடுதலாகவே எடுத்துக்கொள்கிறது. கண்ணாடி மேல் ஒட்டியிருந்த மலிவான தடித்த ஒட்டுக் கண்ணாடியையும் உரித்துப் போட்டேன். இந்த இரண்டையும் முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அம்மா மூன்று மாதம் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்க மாட்டார்.

ஜப்பான்காரர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். அங்கே என்.டி.டி. டோகோமோ நிறுவனம் வயதானவர்களுக்கென்றே 'ராகு ராகு போன்' என்ற வரிசையை 1999-ல் தொடங்கியது. ராகு ராகு என்றால் சிரமமில்லாமல், சுலபமாக என்று அர்த்தம். 2012-ல் புஜித்ஸு நிறுவனம் செய்த ராகு ராகு ஸ்மார்ட்போன் வந்தது. அதன் கண்ணாடியில் விரல் சும்மா பட்டால் எதுவும் திறக்காது. அமுக்கினால்தான் திறக்கும், அமுக்கியதும் போன் அதிர்ந்து விரலுக்குப் பதில் சொல்லும். எதிர்முனையில் பேசுகிறவர் படபடவென்று பேசினால் அந்தக் குரலை நிதானப்படுத்திக் கொடுக்கும் வசதியும் அந்த வரிசையில் உண்டு. சந்தேகம் வந்தால் கேட்கத் தனியாக ஒரு உதவி மையமும் வைத்தார்கள். பட்டன் போனில் இருந்த 'டக்'கை அவர்கள் கண்ணாடிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

இங்கே 2017-ல் ஜியோ போன் வந்தபோது, 1,500 ரூபாய் முன்பணத்தில் பட்டனும் இன்டர்நெட்டும் ஒரே கையில் கிடைத்தன. எங்கள் தெருவில் பலர் அதில்தான் முதன்முதலாகப் பாட்டும் படமும் பார்த்தார்கள். ஆனால் அம்மா மாதிரி ஒருவர் பேரப்பிள்ளை முகத்தைப் பெரிதாகப் பார்க்க ஆசைப்பட்டால் கடைசியில் டச் போனுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. டச் போனிலும் 'எளிமையான போன்' என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பாதிப் போன்களில் அதன் அர்த்தம் எழுத்தும் படமும் பெரிது என்பது மட்டும்தான்.

அது தேவையில்லை என்று சொல்லவில்லை. சாம்சங்கில் ஈஸி மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டதும் அம்மாவின் தோழி ஒருவர் கண்ணாடி தேடாமல் பெயரைப் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஐபோனிலும் 2023-லிருந்து, நாலைந்து பெரிய கட்டம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அம்மாவைப் பயமுறுத்தியது எழுத்தின் அளவு இல்லை. திரும்பிவரத் தெரியாமல் போய்விடுவோமோ என்பதுதான். எங்கே போய் மாட்டினாலும் வீட்டுக்கு வர ஒரு வழி தெரிந்தால் எந்தத் தெருவிலும் நுழைந்து பார்க்கலாம். அதனால் போனின் அடியில் முக்கோணம், வட்டம், சதுரம் என்ற மூன்று பட்டனும் எப்போதும் தெரிகிற மாதிரி மாற்றினேன். "எது நடந்தாலும் வட்டத்தைத் தொடு. வீட்டுக்கு வந்துருவ" என்றேன். அன்றிலிருந்து அதற்கு எங்கள் வீட்டில் பெயர் 'வீட்டு வட்டம்'.

விலை குறைந்த போன்களில் இன்னொரு தொல்லை உண்டு. யாரும் கேட்காமலே நிரப்பி அனுப்பும் விளம்பரங்கள், போனைத் திறக்கும் முன்பே பூட்டுத் திரையில் ஓடும் படங்கள், 'உங்கள் போனில் வைரஸ்' என்று சிவப்பில் எழும்பும் பொய் எச்சரிக்கை. புதிதாகக் கற்கிறவருக்கு எது போன் சொல்வது, எது விளம்பரக்காரன் சொல்வது என்று எப்படித் தெரியும்? காசு குறைவாகக் கொடுத்தவருக்குத்தான் குழப்பம் அதிகம் என்பது அநியாயம். புதுப் போன் வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதையெல்லாம் அணைத்துக் கொடுப்பது, போன் வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி.

எந்தத் தமிழ்?

அம்மா ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார். அதனால் போனையே தமிழுக்கு மாற்றி வைத்தேன். 'அமைப்புகள்', 'அறிவிப்புகள்', 'பதிவிறக்கு', 'அனுமதி', 'நிராகரி' என்று எல்லாம் தமிழில் வந்துவிட்டன. அம்மா மெதுவாக ஒவ்வொன்றாகப் படித்தார். படித்துவிட்டு, "அமைப்புன்னா கட்சி அமைப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. அவருக்குத் தெரிந்த அமைப்பு அதுதான்.

கணினியிலும் கைபேசியிலும் தமிழ் வந்து சேர எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-ல் செல்லினத்தை வெளியிட்டபோது, கைபேசியில் தமிழில் ஒரு செய்தி அனுப்ப முடிந்ததே பெரிய அதிசயம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில்தான் நான் இந்தக் கட்டுரையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். எழுத்து வந்துவிட்டது, வீட்டுப் பேச்சு இன்னும் வரவில்லை. போன் வரும்போது 'ஏற்கவும்' என்பதற்குப் பதிலாக 'பேசு' என்று இருந்தால் அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவே வேண்டாம். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. அம்மா ஏதாவது உதவி கேட்டு ரீசார்ஜ் கடைப் பையனிடம் கொடுத்தால், தமிழில் ஒன்றும் புரியவில்லை என்று அவன் மறுபடி இங்கிலீஷுக்கு மாற்றிக் கொடுத்துவிடுவான். மூன்று தடவை மாறி மாறி நடந்தது.

அம்மாவுக்குத் தமிழை உண்மையில் கொடுத்தது மைக் பட்டன். 2013-ல் வாட்ஸப்பில் குரல் பதிவு வந்தது. 2017 ஆகஸ்டில் கூகுள், பேசினால் தமிழில் எழுதுகிற வசதியைக் கொண்டுவந்தது. எழுதத் தயங்கும் ஒருவருக்கு இந்த இரண்டும் எவ்வளவு பெரிய கதவு என்பதை அம்மா வழியாகத்தான் புரிந்துகொண்டேன்.

முதல் வாரம் வந்த குரல் பதிவுகளை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஒன்று, இரண்டு விநாடி: "தாயி, நான்..." அடுத்தது ஒரு விநாடி: "கேக்கு..." அடுத்தது வெறும் காற்று. அதற்கடுத்தது, தூரத்தில் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வது: "இதுல பேசுனா அவளுக்குப் போகுமாம்." விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டு பேச வேண்டும் என்பது பிடிபடவில்லை, பேச்சு சுவாரஸ்யத்தில் கையை ஆட்டிவிடுவார். மைக்கைத் தொட்டு மேலே இழுத்தால் பூட்டிக்கொள்ளும், பிறகு கையை எடுத்துவிட்டுப் பேசலாம் என்று காட்டியதும் நிலைமை மாறியது. அதுவும் கோலக் கோடுதானே! இப்போது ஒவ்வொன்றும் நாலு நிமிடம், ஆறு நிமிடம். பருத்தி விலை, யார் வீட்டில் விசேஷம், முருங்கையில் கம்பளிப்பூச்சி. போனில் நேராகப் பேசும்போது "சரி தாயி, உனக்கு வேலை இருக்கும், வைக்கட்டா" என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிற அம்மா, குரல் பதிவில்தான் அவசரமில்லாமல் பேசுகிறார். நான் வேலை முடித்து ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும்.

வீடியோ காலில் ஆறு மாதம் எனக்கு அம்மாவின் நெற்றியும் உத்தரமும் மட்டும்தான் தெரிந்தது. அதைச் சரிசெய்ய நான் அவசரப்படவில்லை. உத்தரத்தில் அப்பா மாட்டிய கொக்கி தெரியும்.

ஒரு கட்டத்தில் போனும் நிறைந்துபோனது. சொந்தக்காரர்கள் குரூப்பில் தினமும் வரும் காலை வணக்கம், வெள்ளிக்கிழமை அம்மன் படம், பிரதோஷ நந்தி. எல்லாம் தானாகப் போனில் இறங்கி, இரண்டு வருடத்தில் இடமில்லை என்று போன் திணற ஆரம்பித்தது. நாடு முழுக்க இதுதான் கதை. கூகுள் 2017 கடைசியில் இந்தியாவை மனதில் வைத்து வெளியிட்ட பைல்ஸ் கோ செயலியின் முக்கிய வேலையே இப்படிச் சேர்ந்த குப்பையைக் கூட்டித் தள்ளுவதுதான். ஆனால் சாமி படத்தை எப்படி அழிப்பது என்று அம்மா கலங்கினார். நான் வாதாடவில்லை. எல்லாவற்றையும் என் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரமாக வைத்துவிட்டேன் என்று சொல்லி, நிஜமாகவே அப்படி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் அழித்தேன்.

"குடுங்காச்சி"

அம்மாவுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது நான், அடுத்தது பக்கத்து வீட்டில் ஏழாவது படிக்கும் பையன். கெட்டிக்காரன், அன்பானவன். அம்மா ஏதாவது கேட்டால் போதும், "குடுங்காச்சி" என்று போனை வாங்குவான். நாலு விரல் அசைவு, ஐந்து விநாடி. "இந்தாங்க, சரியாயிருச்சு." வேலை முடிந்தது. அம்மா எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் போன் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது. தொட்டதையெல்லாம் வாசித்தது. ஒரு தட்டுக்கு எதுவும் திறக்கவில்லை. அம்மா பயந்து அதைத் துணியில் சுற்றி அரிசி டிரம் மேல் வைத்துவிட்டார். விஷயம் என்னவென்றால், சத்தம் கூட்டுகிற, குறைக்கிற இரண்டு பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அமுக்கிப் பிடித்திருக்கிறார். பார்வையற்றவர்களுக்காக ஆண்ட்ராய்டில் இருக்கும் 'டாக்பேக்' அப்படித்தான் அந்த போனில் உயிர் பெறும். மிகப் பெரிய உதவிக் கருவி. அது என்னவென்று தெரியாதவர் கையில் பேய் பிடித்த மாதிரி தோன்றும். அதே இரண்டு பட்டனை மறுபடி மூன்று விநாடி அமுக்கினால் நின்றுவிடும். நான் சென்னையிலிருந்து சொன்னேன்; பக்கத்து வீட்டு அக்கா போனில் கேட்டுக்கொண்டே அம்மா தன் கையால் செய்தார். நின்றது. அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. "நானே நிப்பாட்டிட்டேன் தாயி" என்றார். அதுவரை அந்தக் குரலில் அவர் போனைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். அம்மா கையில் இருக்கும் போனை நான் இனிமேல் வாங்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் அவர் விரல்தான் தொட வேண்டும். என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சொல்வதற்குச் சுலபம், செய்து பாருங்கள். தப்பான இடத்துக்கு அந்த விரல் போகும்போது நம் கை தானாக நீளும்.

ஆனாலும் அம்மாவின் நிஜமான வாத்தியார் நானில்லை. மகளிர் குழுவில் கூட இருக்கும் ஒருவர். அம்மா மதினி என்று கூப்பிடுவார். அவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது, மூன்றாவது வரைதான் படித்தவர், அம்மாவுக்கு ஒரு வருடம் முந்தி டச் போன் பிடித்தவர். மத்தியானம் சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் திண்ணையில் உட்காருவார்கள். மதினி தன் போனில் ஒன்றைச் செய்வார். அம்மா தன் போனில் அதையே செய்வார். ஒரே விஷயத்தைப் பத்து நாள் செய்தார்கள். நான் 'ஸ்க்ரோல்' என்று சொன்னதை மதினி 'மாவு சலிக்கிற மாதிரி' என்றார். எனக்குத் தெரியாததையும் அவர் சொன்னார்: "எனக்கும் இப்படித்தான் ஆச்சு மதினி. நானும் அழுதேன். எனக்கே வந்துருச்சு, உங்களுக்கு வராதா?" பிள்ளைகள் வாயால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. எங்களுக்கு அப்படி ஆனதில்லை.

இந்தத் திண்ணைக் காலத்தில்தான் அம்மா ஒரு நோட்டு போட்டார். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி நடுவில் தைத்தது. அதில் பென்சிலால் படம் வரைந்திருக்கிறார். பச்சை உருண்டைக்குள் போன்: 'தாயிட்ட பேச'. சிவப்புப் பெட்டிக்குள் முக்கோணம்: 'பாட்டு, சமையல்'. மூன்று அடுக்கு விசிறி: 'நெட். அப்பப்ப போயிரும்'. விமானம்: 'தொட்டா யாரும் பேச முடியாது'. பல் சக்கரம், அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டு: 'தொடக் கூடாது'.

பணம் வருகிற வழி

யூபிஐ 2016-ல் வந்தது. இன்றைக்குப் பூக்கார அம்மாவின் கூடையில்கூட அந்தக் கட்டம் கட்டமான அட்டை நிற்கிறது. அம்மா ரொம்ப நாள் அதன் பக்கமே போகவில்லை. வற்புறுத்த எனக்கும் மனமில்லை, ஏனென்றால் தெரு முனையில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நடந்ததை எல்லோரும் கேள்விப்பட்டிருந்தோம். 'இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்' என்று ஒரு மெசேஜ். கூப்பிட்டார். ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். இறக்கினார். அவர் திரையில் தட்டியதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கணக்கில் இருந்தது போய்விட்டது. நன்றாகப் படித்தவர், கவனமானவர். வெட்கத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை; அந்த இரண்டு நாள்தான் பெரிய நஷ்டம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் போட்டால், பணம் கை மாறிப் போவதற்குள் நிறுத்திவைக்க முயற்சி செய்வார்கள். எவ்வளவு சீக்கிரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏமாந்தவர் மேல் நாம் கோபப்பட்டால் அடுத்த தடவை அவர் நம்மிடம் சொல்ல மாட்டார்.

இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு விஷயத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும், வாங்க வேண்டாம். "நான் சும்மா இருந்தாலே எனக்குப் பணம் வரும். நான் நம்பரை அமுக்குனா என்கிட்ட இருந்து போகும். அவ்வளவுதானே?" அவ்வளவுதான். 'உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, பின் நம்பர் போடுங்கள்' என்று யார் கூப்பிட்டாலும் அம்மா இப்போது பதிலே சொல்வதில்லை. வீட்டு வட்டத்தைக்கூடத் தேடுவதில்லை, நேராகச் சிவப்பு. பென்ஷன் கணக்கை யூபிஐயில் சேர்க்காமல், 2,000 ரூபாய் மட்டும் போட்டு வைக்கிற வேறொரு கணக்கைச் சேர்த்துக் கொடுத்தேன். போனாலும் அதற்கு மேல் போகாது என்ற நிம்மதியில்தான் அவர் முதன்முதலாகக் காய்கறிக் கடையில் 40 ரூபாய் அனுப்பினார். கடைப் பெட்டி தமிழில் சத்தமாக 'நாற்பது ரூபாய் பெறப்பட்டது' என்றதும்தான் கையை எடுத்தாராம்.

பென்ஷன் என்றதும் இன்னொன்று. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு அம்மாவுக்குப் பி.எஃப். பென்ஷன் வருகிறது. வருடத்துக்கு ஒரு தடவை உயிரோடிருக்கிறார் என்று சான்று கொடுக்க வேண்டும். 2014-ல் வந்த ஜீவன் பிரமான் திட்டத்தால் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம், கைரேகை வைத்தால் போதும் என்றானது. ஆனால் அம்மாவின் ரேகை பசையில் போய்விட்டதே. ஒரு சேவை மையத்தில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. "ரேகை விழலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமா?" என்று அம்மா கேட்டபோது அங்கிருந்த யாரிடமும் பதில் இல்லை. 2021-க்குப் பிறகு முகத்தைக் காட்டியே சான்று எடுக்கலாம் என்று வந்தது. முதல் வருடம் நான் கூட இருந்து செய்தேன். வெளிச்சத்துக்காக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சிமிட்டினார். உழைத்துத் தேய்ந்த விரலை ஏற்காத மெஷின் இருக்கிற உலகத்தில், கண் சிமிட்டலை ஏற்கிற போன் ஒன்று அவர் கையில் இருந்தது. அதற்காகவே இந்த எட்டாயிரம் தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன கார்த்திகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், டிவி மேல் அந்தக் காலண்டர் நோட்டு கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். புதிதாக நாலைந்து படம் சேர்ந்திருந்தது. பல் சக்கரம் இருந்த பக்கத்தில், 'தொடக் கூடாது' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்து அடித்திருந்தார். அதற்குக் கீழே, கொஞ்சம் கோணலான எழுத்தில்: 'எழுத்து பெருசாக்க. சத்தம் கூட்ட. மதினிக்கும் மாத்திக் குடுத்தேன்.'